பயிர்க்காவலும் வேட்டைத் தடையும்: திருச்சிராப்பள்ளி – திருவரங்கம் வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

தன் நிலத்தில் புகுந்து பயிரை அழிக்கும் விலங்கைக் கொல்ல நில உரிமையாளருக்கு உரிமை உண்டா என்பது வேளாண் மக்களிடையே நெடுங்காலமாக எழும் வினா. நில உரிமை, துப்பாக்கி உரிமம், வேட்டை அனுமதி ஆகிய மூன்றும் தனித்தனியானவை. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. அவற்றைப் பிரித்தறியாமையால் விளையும் ஆபத்துகளைத் திருச்சிராப்பள்ளி வட்டாரச் சூழலோடு பொருத்திக் காட்டுகிறது.

திறவுச்சொற்கள்: வேட்டை, பயிர்க்காவல், காட்டுப்பன்றி, மயில், நில உரிமை, காப்புக்காடு.

முன்னுரை

தினைப்புனம் காத்தல் சங்க இலக்கியத்தின் குறிஞ்சித்திணைப் பாடல்களில் பெருவழக்கு. கவணும் தட்டையும் குளிரும் கிளிகளை ஓட்டப் பயன்பட்டன. பன்றியைப் பிடிக்க ‘அடார்’ என்னும் கற்பொறி வைக்கப்பட்டது. பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம் இப்பொறியைச் சுட்டும் இடம் கருதத்தக்கது. பன்றிக்கு அஞ்சிப் புழைதோறும் பொறி மாட்டப்பட்டுள்ளதால், இரவில் அவ்வழியே செல்லாது விடியும்வரை தங்கிச் செல்லுமாறு கூத்தருக்கு அங்கே அறிவுறுத்தப்படுகிறது. விலங்குக்கு வைத்த பொறி வழிப்போக்கருக்கும் கேடாகலாம் என்னும் உணர்வு அன்றே இருந்தமைக்கு இது சான்று. இன்றைய சட்டங்களின் அடியிலும் இதே கவலையைக் காணலாம்.

சட்ட வளர்ச்சி

1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் காப்புக்காடுகளுக்குள் வேட்டையாடுதல், பொறி வைத்தல், நீரில் நஞ்சிடுதல் ஆகியவற்றைக் கட்டுப்படுத்தியது. 1912ஆம் ஆண்டின் காட்டுப் பறவைகள், விலங்குகள் பாதுகாப்புச் சட்டம் வேட்டையாடக் கூடாத பருவங்களை வரையறுக்க வழிசெய்தது. எனினும், தன்னையோ பிறரையோ காத்தற்பொருட்டும் நல்லெண்ணத்துடன் உடைமையைக் காத்தற்பொருட்டும் கொல்வதற்கு அச்சட்டம் பொருந்தாது என விலக்களித்தது. பயிரைக் காக்கக் கொல்லலாமா என்பதை முடிவு செய்யும் பொறுப்பு அன்று பெரும்பாலும் உழவரிடமே இருந்தது.

1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இந்நிலையை மாற்றியது. தொடக்கத்தில் உரிமம் பெற்று வேட்டையாட அதில் இடமிருந்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த உரிம முறையை நீக்கியது. இன்று அச்சட்டத்தின் 9ஆம் பிரிவு, பட்டியலிடப்பட்ட விலங்குகளை வேட்டையாடுவதை முற்றாகத் தடுக்கிறது. 11, 12ஆம் பிரிவுகள் மட்டுமே விலக்கு. ‘வேட்டை’ என்பதன் பொருளும் விரிவானது. கொல்லுதல் மட்டுமன்றிப் பிடித்தல், கண்ணி வைத்தல், நஞ்சிடுதல், காயப்படுத்துதல், அவற்றுக்கு முயலுதல், பறவைகளின் முட்டையைச் சிதைத்தல் ஆகியனவும் அதில் அடங்கும்.

11ஆம் பிரிவின்படி, தன்னையோ பிறரையோ காக்க நல்லெண்ணத்துடன் கொல்வது குற்றமன்று. 1912ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த ‘உடைமை’ இங்கே இடம்பெறவில்லை. பயிர் காப்பதற்கான வழி வேறாக அமைந்தது. முதன்மை வன உயிரினக் காப்பாளரோ அவரால் அதிகாரமளிக்கப்பட்ட அலுவலரோ காரணங்களைக் குறிப்பிட்டு எழுத்து வடிவில் ஆணையிட வேண்டும். பயிரைக் காக்கக் கொல்லும் முடிவு உழவரிடமிருந்து அலுவலரிடம் சென்றதே இவ்விரு சட்டங்களுக்கும் இடையேயான அடிப்படை வேறுபாடு.

மயிலும் பன்றியும்

2022ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் காட்டுப்பன்றி இரண்டாம் பட்டியலில் உள்ளது. நிலத்தில் நிற்கும் பயிருக்கு அது ஆபத்தாகும்போது ஆணை பிறப்பிக்க இடமுண்டு. மயில் முதற்பட்டியலைச் சேர்ந்தது. மனித உயிருக்கு ஆபத்து, மீளமுடியாத ஊனம் அல்லது நோய் ஆகிய காரணங்களுக்கு மட்டுமே முதற்பட்டியல் உயிரினத்தைக் கொல்ல ஆணையிட முடியும்; பயிர்ச்சேதம் காரணமாகாது. மயில்களுக்குப் பெயர்பெற்ற விராலிமலை திருச்சிராப்பள்ளிக்கு அண்மையிலேயே உள்ளது. இப்பகுதியில் மயிலால் விளைச்சலை இழக்கும் உழவர், பன்றிக்கு உள்ள வழி மயிலுக்கு இல்லை என்பதை அறிந்திருத்தல் இன்றியமையாதது. நஞ்சு கலந்த தானியம் வைப்பதும் சட்டப்படி வேட்டையே. முதற்பட்டியல் உயிரினத்தை வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டுவரை சிறையும் 25,000 ரூபாய்க்குக் குறையாத தண்டமும் விதிக்கப்படும்.

காட்டுப்பன்றி தொடர்பாகத் தமிழக அரசு 2025 சனவரியில் தொலைவை அளவுகோலாகக் கொண்ட முறையை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ. வரை சுட அனுமதியில்லை. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விடலாம், 3 கி.மீ.க்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். கேரளம் 2022இல் உள்ளாட்சித் தலைவர்களுக்கு ஆணையிடும் அதிகாரம் அளித்து, உரிமம் பெற்ற துப்பாக்கி வைத்திருப்போரையும் பயன்படுத்தியது. தமிழகத்தில் சுடுவோர் வனத்துறையினரே, உழவரல்லர்.

இம்முறையில் நிலம் யாருடையது என்பதைவிட அது எங்குள்ளது என்பதே முதன்மை பெறுகிறது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட திருவரங்கத் தீவில், மேலூரை அடுத்த வண்ணத்துப்பூச்சிப் பூங்கா மேலணைக் காப்புக்காட்டில் அமைந்துள்ளது. காடென்று பலரும் கருதாத ஆற்றிடைப் பகுதியாயினும் காப்புக்காடு என்னும் தகுதியே தொலைவைக் கணிக்க அடிப்படையாகும். ஆகவே, அதனைச் சூழ்ந்த வாழைத் தோட்டங்களுக்கும் துறையூரை அடுத்த பச்சைமலை அடிவார நிலங்களுக்கும் இவ்வளவுகோலைப் பொருத்திப் பார்க்க வேண்டும்.

மூன்று அனுமதிகள்

முதலாவது, நில உரிமையாளரின் இசைவு. செருமனியில் வேட்டையுரிமை நிலத்தோடு இணைந்தது. 75 எக்டேர் பரப்புடைய தொடர்ச்சியான நிலம் தனி வேட்டைக் களமாக அமையலாம். இந்தியாவில் அவ்விணைப்பு இல்லை. உரிமையாளர் இசைந்தாலும் வேட்டை குற்றமே. இசைவின்றிப் புகுந்தால், குற்றம் செய்யும் நோக்குடன் நுழைந்தமையால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 329ஆம் பிரிவில் கூறப்படும் அத்துமீறலும் சேரும்.

இரண்டாவது, துப்பாக்கி உரிமம். 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம், 13ஆம் பிரிவில், பயிர்ப் பாதுகாப்புக்காகக் குழல்வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் வழங்க வழிசெய்கிறது. ‘பயிர்ப் பாதுகாப்பு’ என்னும் சொல் உரிமத்தில் இருப்பதாலேயே விலங்கைச் சுடலாம் எனக் கருதுவது பிழை. அவ்வுரிமம் கருவியை வைத்திருப்பதற்கே உரியது.

மூன்றாவது, 11ஆம் பிரிவின்கீழான எழுத்து ஆணை. பட்டியல் விலங்கைக் கொல்வதற்கு இதுவே அடிப்படை. தற்காப்பிற்காகவோ ஆணையின்படியோ கொல்லப்பட்ட விலங்கும் அரசின் உடைமையே. அதன் இறைச்சியைப் பங்கிட்டுக்கொள்ள இயலாது.

பாதுகாப்பு

2021இல் திருச்சிராப்பள்ளியை அடுத்த ஜீயபுரம் பகுதியில், இறைச்சியில் வெடிமருந்து பொதிந்த ‘அவுட்டுக்காய்’ கொண்டு நரி கொல்லப்பட்டது தொடர்பாக 12 பேர் கைது செய்யப்பட்டனர். இத்தகைய வெடி, கடிப்பது நரியா, மேயும் மாடா எனப் பிரித்தறியாது. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே, பன்றியைத் தடுக்கச் சட்டத்துக்குப் புறம்பாக மின்சாரம் பாய்ச்சிய வேலியில் சிக்கி மூன்று யானைகள் இறந்தன. இருளில் வரப்பில் நடக்கும் கூலித் தொழிலாளிக்கும் அதே வேலி எமனாகும். அவ்வாண்டிலேயே மின்வேலிகளைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்தும் விதிகளைத் தமிழக அரசு வகுத்தது. குறைந்த ஆற்றலில் விட்டுவிட்டு அதிர்வூட்டும் சூரிய மின்வேலியும், மின்கம்பத்திலிருந்து நேரடியாக இழுக்கப்பட்ட கம்பியும் ஒன்றல்ல என்பதை உழவர்களுக்கு எடுத்துரைப்பது விரிவாக்கப் பணியாளர்களின் கடமையாகும்.

முடிவுரை

பயிரைக் காக்கும் உரிமையைச் சட்டம் மறுக்கவில்லை. கொல்லும் முடிவை மட்டுமே உழவரிடமிருந்து விலக்கியுள்ளது. அம்முடிவு அலுவலரிடம் இருக்கும்போது, விரைந்து ஆணையிடும் கடமையும் அவரையே சாரும். ஓரிரவில் வயல் அழியும். விண்ணப்பம் மாதக்கணக்கில் காத்திருந்தால் கம்பியும் வெடியும் நஞ்சும் மறைவில் பெருகும். ஆகவே, வேட்டைத் தடையின் வெற்றி தண்டனையின் கடுமையை மட்டும் சார்ந்ததன்று. இழப்பீடும் ஆணையும் உழவரை உரிய காலத்தில் சென்றடைவதையும் சார்ந்தது. மலைபடுகடாம் காட்டும் புனத்தில் பொறி இருக்கும் இடம் வழிப்போக்கருக்குச் சொல்லப்பட்டது. மறைவில் வைக்கப்படும் மின்கம்பியைப் பற்றி எவரும் எவருக்கும் சொல்வதில்லை என்பதே இன்றைய இடர்.