மவுஸை மாற்றும் முன் கீபோர்டைப் பாருங்கள்

வலது தோள் கடுக்கிறது என்றதும் பலர் புது மவுஸ் தேடுகிறார்கள். பல மேசைகளில் தொந்தரவு தொடங்குவது கீபோர்டிலிருந்து.

வழக்கமான 104 விசைக் கீபோர்டின் அகலம் சுமார் 44 செ.மீ. வலக்கோடியில் எண் விசைகள். எழுத்து விசைகளுக்கு நேராக உட்கார்ந்தால், மவுஸுக்குக் கிடைப்பது எண் விசைகளுக்கும் அப்பால் உள்ள இடம்தான். நாள் முழுக்கக் கை வெளியே நீண்டே இருக்கிறது. அதன் பாரத்தைத் தோள் சுமக்கிறது. எண் பகுதி இல்லாத கீபோர்டு சுமார் 36 செ.மீ. மவுஸ் 8 செ.மீ. உள்ளே வந்துவிடும். கணக்கு வேலை பார்ப்பவர்கள் தனி எண் பலகை வாங்கி இடப்பக்கம் வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து மணிக்கட்டு. எட்டுச் சிறு எலும்புகள், அவற்றின் மேல் ஒரு தடித்த தசைநார், நடுவே குறுகிய சுரங்கம். விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் நடு நரம்பும் அதற்குள் நெருக்கியடித்துச் செல்கின்றன. மணிக்கட்டு மேல்நோக்கி வளைந்தால் உள்ளே அழுத்தம் கூடும். கீபோர்டின் அடியில் இருக்கும் மடக்குக் கால்களை நிமிர்த்தினால் நடப்பது அதுதான். இன்றே மடக்கிவிடுங்கள், காசு செலவில்லை. மணிக்கட்டுத் திண்டு இருந்தால், தட்டச்சை நிறுத்தி ஓய்வெடுக்கும்போது மட்டும், அதுவும் உள்ளங்கையின் அடிப்பகுதியை அதில் வையுங்கள். இந்தச் சுரங்கத்தில் நரம்பு அழுத்தப்படுவதற்குக் கணினிதான் காரணம் என்று மருத்துவம் அறுதியிட்டுச் சொல்லவில்லை. ஆனாலும் விரல் மரத்துப்போவது நீடித்தால் கடைக்குப் போகாமல் மருத்துவரிடம் போங்கள்.

மவுஸில் முதலில் அளவு. சிறிய பயண மவுஸைப் பெரிய கை பிடித்தால் விரல்கள் நாள் முழுக்க இறுகியே இருக்கும். உள்ளங்கையைக் கவிழ்த்தால் முன்கையின் ஓர் எலும்பு மற்றொன்றின் மேல் குறுக்கே திரும்புகிறது. கைகுலுக்கும் நிலையில் பிடிக்கும் செங்குத்து மவுஸ் அந்தத் திருகலைக் குறைக்கும். குறிபார்த்துச் சொடுக்குவது முதலில் தடுமாறும். பழகச் சில நாள் கொடுங்கள். எதையும் கையில் பிடித்துப் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

கீபோர்டு விசையின் கனத்திலும் வித்தியாசம் உண்டு. செர்ரி நிறுவனத்தின் ‘சிவப்பு’ வகை விசை சுமார் 45 கிராம் அழுத்தத்துக்கே இசையும். ‘நீல’ வகைக்கு 60 வேண்டும். நிறைய எழுதுபவர்களுக்கு மெல்லிய விசையே என் பரிந்துரை.

தமிழில் எழுதுபவர்கள் விசை அமைப்பையும் யோசிக்க வேண்டும். 1999-இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99-இல் உயிரெழுத்துகள் இடக்கையில், மெய்கள் பெரும்பாலும் வலக்கையில். வேலை இரு கைகளுக்கும் மாறிமாறிப் போகிறது. புள்ளியும் பல இடங்களில் தானே விழுகிறது. ‘அம்மா’ என்று எழுத அ, ம, ம, ஆ என நான்கே தட்டல்கள்.