பச்சையா, சிவப்பா? பழைய காருக்கு ஏற்ற கூலண்ட் எது?

பண்டார் தெங்காராவிலிருந்து கோத்தா திங்கிக்குப் போகும் சாலையில் பயணித்தவர்களுக்குத் தெரியும். இரு பக்கமும் செம்பனைத் தோட்டங்கள்தாம். வழியில் கார் நின்றுவிட்டால் நிழல் கிடைக்கும், பட்டறை கிடைக்காது.

கடந்த ஆண்டு ஒரு காலையில் அந்த நிழலில்தான் நானும் அம்மாவும் நின்றோம். அம்மாவுக்கு மருத்துவப் பரிசோதனைக்கு நேரம் குறித்திருந்தார்கள். அப்பா விட்டுச்சென்ற பழைய புரோட்டோன் சாகாவில் புறப்பட்டோம். பாதி வழியில் வெப்பமானியின் முள் மளமளவென்று மேலே ஏறியது. பானெட்டின் ஓரத்தில் ஆவி கிளம்பியது. "அப்பா இருந்தவரைக்கும் இந்தக் காரு ஒருநாளும் இப்படி நின்னதில்லைய்யா" என்றார் அம்மா. காரைவிட அந்தச் சொல்தான் அதிகம் சுட்டது.

இழுவை வண்டியில் ஏற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோனோம். மெக்கானிக் அண்ணன் இன்ஜின் நன்றாக ஆறும்வரை காத்திருந்து ரேடியேட்டர் மூடியைத் திறந்தார். உள்ளே சேறு போலப் பழுப்பு நிறத்தில் ஏதோ இருந்தது. "என்ன ஊத்தினே தம்பி?" என்று கேட்டார்.

பச்சை நிறக் கூலண்ட் குறைந்திருந்ததால், எண்ணெய் நிலையத்தில் கிடைத்த சிவப்பு நிறத்தை வாங்கி ஊற்றியதைச் சொன்னேன். அதற்கு முன் பல மாதங்கள் குழாய்த் தண்ணீரையே ஊற்றி வந்ததையும் ஒப்புக்கொண்டேன். "சிவப்பை மட்டும் குத்தம் சொல்லாதே. ரெண்டும் சேர்ந்துதான் வேலையைக் காட்டியிருக்கு" என்றார். ஹெட் கேஸ்கெட் போயிருந்தது. இன்ஜினின் மேல்பாகத்தைக் கழற்றிச் சீவ வேண்டியதாயிற்று.

தண்ணீர் மட்டும் போதாதா?

நம் நாட்டில் பனி உறைவதில்லையே, கூலண்ட் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. உண்மையில், வெப்பத்தைச் சுமந்து செல்வதில் கூலண்ட் கலவையைவிட வெறும் தண்ணீரே மேல். ஆனால் தண்ணீர் துருவைத் தடுக்காது. 1985இல் அறிமுகமான முதல் சாகாவின் இன்ஜினை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அடிப்பாகம் வார்ப்பிரும்பு, மேல்பாகம் அலுமினியம். இரு வேறு உலோகங்களை ஒரே நீர் தொட்டுக்கொண்டிருந்தால் அரிப்பு விரைவில் தொடங்கும். குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரினும் உப்புகளும் அதற்குத் துணை போகும். ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படிவு சேர்ந்து அடைத்துக்கொள்ளும்.

கூலண்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் கொதிநிலையை உயர்த்துகிறது. அதனுடன் சேர்க்கப்படும் அரிப்புத் தடுப்புப் பொருள்களே நம்மைப் போன்ற வெப்ப நாட்டுக்காரர்களுக்கு முக்கியம். ஒரு கூலண்டை மற்றொன்றிலிருந்து வேறுபடுத்துவதும் அவைதாம்.

நிறத்தை நம்பாதீர்கள்

பலரும் செய்யும் தவறு இங்குதான். கூலண்டின் நிறம் வெறும் சாயம். எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான நிற விதி எதுவும் இல்லை. ஒரு நிறுவனத்தின் சிவப்பும் மற்றொன்றின் சிவப்பும் வெவ்வேறு சரக்காக இருக்கலாம். பார்க்க வேண்டியது வகையைத்தான்.

முதலாவது, பழைய வகை. இதில் சிலிக்கேட், பாஸ்பேட் போன்ற கனிம உப்புகள் இருக்கும். பெரும்பாலும் பச்சை நிறத்தில் வரும். உலோகத்தின்மேல் விரைவாகப் பாதுகாப்புப் படலம் அமைக்கும். ஆனால் சத்து சீக்கிரம் தீர்ந்துவிடும்; இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

இரண்டாவது, கரிம அமில வகை. பெரும்பாலும் ஆரஞ்சு அல்லது சிவப்பு நிறத்தில் கிடைக்கும். ஐந்து ஆண்டுகள்கூடத் தாங்கும். ஆனால் செம்பு, பித்தளையால் செய்து ஈயப் பற்று வைத்த பழைய ரேடியேட்டர்களுக்கு இது எப்போதும் ஒத்துப்போவதில்லை.

மூன்றாவது, இரண்டும் கலந்த வகை. ஜப்பானிய கார்களில் பாஸ்பேட் சேர்ந்து, சிலிக்கேட் இல்லாத கலவையே வழக்கம்.

உங்கள் கார் 1980கள், 90களில் வந்ததா? ரேடியேட்டர் இன்னும் செம்பு, பித்தளையா? அப்படியானால் பழைய வகையே பாதுகாப்பானது. இடையில் அலுமினிய ரேடியேட்டர் மாற்றியிருந்தால், ஜப்பானிய கார்களுக்கான பாஸ்பேட் கலவையையும் பயன்படுத்தலாம். கார் கையேடு கைவசம் இருந்தால் அதில் உள்ளதே முதல் விதி. புட்டியில் ஜப்பானின் ஜேஐஎஸ் கே 2234, அமெரிக்காவின் ஏஎஸ்டிஎம் டி3306 போன்ற தர எண்கள் உள்ளனவா என்று பாருங்கள். எந்த விவரமும் அச்சிடாத மலிவு விலைப் பச்சைத் தண்ணீரைத் தவிர்த்துவிடுங்கள்.

மாற்றும்போது

உள்ளே இருப்பது எந்த வகை என்று தெரியாவிட்டால், அதன்மேல் எதையும் ஊற்றாமல் முழுவதையும் வடித்துவிடுவதே நல்லது. வகைகள் கலந்தால் பாதுகாப்புச் சத்து குறையும். சில கலவைகள் கூழாகித் திரளவும் கூடும்.

இன்ஜின் முழுவதும் ஆறிய பிறகு பழையதை வடியுங்கள். சுத்தமான நீர் நிரப்பி, தெர்மோஸ்டாட் திறக்கும்வரை ஓடவிட்டு, ஆறவைத்து மீண்டும் வடியுங்கள். தெளிந்த நீர் வரும்வரை இதைத் தொடருங்கள். இதற்குப் பின்னும் இன்ஜினுக்குள் கொஞ்சம் நீர் தங்கியிருக்கும். ஆகவே, மொத்தக் கொள்ளளவில் பாதிக்குச் செறிவான கூலண்டை முதலில் ஊற்றிவிட்டு, மீதியைக் காய்ச்சி வடித்த நீரால் நிரப்புங்கள். முன்கூட்டியே கலந்து விற்கப்படுவதில் மேலும் நீர் சேர்க்கக் கூடாது.

ரேடியேட்டர் மூடியையும் கவனியுங்கள். அதில் 0.9 என்று பொறித்திருந்தால் அது தாங்கும் அழுத்தம் அது. அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட ஏறக்குறைய 118 பாகை செல்சியஸில்தான் கொதிக்கும். மூடியின் ரப்பர் தேய்ந்தால் 100 பாகையிலேயே கொதித்துவிடும். சில ரிங்கிட் மூடி, பெரிய செலவைத் தடுக்கும். "சூடு குறையும்" என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடும் பழக்கமும் வேண்டாம்.

வடித்த கூலண்ட் இனிப்புச் சுவையுள்ள நஞ்சு. நாயும் பூனையும் நக்கிவிடும், குழந்தைகளுக்கும் ஆபத்து. கால்வாயில் கொட்டாமல், மூடிய கலனில் பட்டறையில் ஒப்படையுங்கள்.

வழியில் முள் ஏறினால்

குளிர்சாதனத்தை நிறுத்துங்கள். பாதுகாப்பான ஓரத்தில் காரை நிறுத்தி இன்ஜினை அணையுங்கள். மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தத்தில் உள்ள கொதிநீர் முகத்தில் பீறிடும். குறைந்தது அரை மணி நேரம் பொறுங்கள். சூடான இன்ஜினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் உலோகம் விரிசல் விடலாம்.

அன்று நான் செய்த ஒரே நல்ல காரியம் அந்த மூடியைத் தொடாமல் இருந்ததுதான். அம்மாவின் பரிசோதனை இரண்டு வாரம் தள்ளிப்போனது. பழுது பார்த்த பிறகு, அதே சாகாவில்தான் அழைத்துப்போனேன். வழி நெடுக அம்மா சாலையைப் பார்க்கவில்லை. வெப்பமானியின் முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தார். அது நடுவிலேயே நின்றது.

இப்போது மாதத்தின் முதல் ஞாயிறு காலையில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே சேமிப்புத் தொட்டியைப் பார்த்துவிடுகிறேன். அப்பா செய்த வேலைதான் அது. ஐந்து நிமிடம்கூட ஆவதில்லை.