பாஸ்போர்ட்டில் தூங்கும் விசா!

'மச்சி, விசா வாங்கிட்டு போகாம விட்டா அடுத்த தடவை கண்டிப்பா ரிஜெக்ட்தானாம்!' உங்க ஹாஸ்டலிலும் யாராவது இப்படி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டிருப்பாங்க. சொல்ற ஆளுங்கள்ல பாதிப் பேர்கிட்ட பாஸ்போர்ட்டே இருக்காது, அது வேற விஷயம்!

எம்.எஸ். சீட் கிடைத்து, சென்னையில் ஜெமினி மேம்பாலம் பக்கம் வெயிலில் க்யூ நின்று, அமெரிக்க விசாவும் வாங்கி, கடைசி நேரத்தில் போக முடியாமல் போகிறவர்கள் நிறையப் பேர். பேங்க் லோன் இழுத்தடிக்கும். வீட்டில் திடீர்னு ஒரு ஆபரேஷன் வரும். கேம்பஸில் நல்ல வேலை கிடைத்து மனசு மாறும். 2020 மார்ச்சில் விமானமே நின்றுபோய், விசாவும் கையுமாக வீட்டில் உட்கார்ந்தவர்களும் உண்டு. இவர்கள் எல்லாம் அடுத்த வருஷம் விண்ணப்பிக்கவே கூடாதா என்ன?

தாராளமா பண்ணலாம். விசாங்கறது போகலாம்ங்கற அனுமதிதான், போயே ஆகணும்ங்கற உத்தரவு இல்லை. அமெரிக்காவைப் பொறுத்தவரை, அந்த நாட்டு வாசல் வரைக்கும் வந்து 'உள்ளே வரலாமா?' என்று கேட்கிற உரிமை மட்டும்தான் விசா. உள்ளே விடுவதை ஏர்போர்ட் அதிகாரிதான் முடிவு பண்ணுவார். கெட்ட பெயர் வருவது போய்ட்டு, கெடு முடிந்தும் திரும்பி வராதவங்களுக்கு. நீங்க கிளம்பவே இல்லையே பாஸ்!

டூரிஸ்ட் விசான்னா இன்னும் சுலபம். நம்ம ஊர்க்காரர்களுக்கு அது 10 வருஷம் வரைக்கும் கிடைக்கிறது. ஒரு வருஷத்துக்குள் ஒரு தடவையாவது போகலேன்னா செத்துடும் என்பதெல்லாம் கட்டுக்கதை. அதில் அச்சடித்த தேதி வரைக்கும் பீரோவில் தூங்கினாலும் உயிரோடதான் இருக்கும்.

ஸ்டூடன்ட் விசாதான் கொஞ்சம் சிக்கல். எஃப்-1 விசாவில் உங்க பல்கலைக்கழகத்தின் பெயரும் செவிஸ் நம்பரும் அச்சாகியிருக்கும். நீங்க போய்ச் சேரலேன்னா அந்தப் பல்கலைக்கழகம் செவிஸ் பதிவை மூடிவிடும். விசாவில் இன்னும் நாலு வருஷம் பாக்கி இருக்கே என்று அதை வைத்துக்கொண்டு வேறொரு காலேஜில் சேர முதல் தடவையாக விமானம் ஏறினால் வம்புதான். புது காலேஜ், புது ஐ-20, புது விசா. செவிஸ் கட்டணம் 350 டாலர், விசா கட்டணம் 185 டாலர்னு பர்ஸ் பழுக்கிறதுதான் நிஜமான தண்டனை.

எங்க டிபார்ட்மென்ட் சீனியர் ஒருத்தருக்கு இதுதான் நடந்தது. அப்பாவுக்கு பைபாஸ், அந்த வருஷம் போகவில்லை. மறு வருஷம் வேறு யுனிவர்சிட்டி. விண்ணப்பத்துக்கு உதவப் போன கன்சல்டன்சிக்காரர் சொன்ன அட்வைஸ்: 'பழைய விசா பத்தி வாயே திறக்காதீங்க தம்பி.' இதைவிட மோசமான அட்வைஸ் இருக்க முடியாது! டி.எஸ்.-160 படிவத்திலேயே, 'இதற்கு முன் அமெரிக்க விசா வழங்கப்பட்டிருக்கிறதா?' என்று ஒரு கேள்வி இருக்கு. உங்க பத்து விரல் ரேகையும் ஏற்கெனவே அவங்க கம்ப்யூட்டரில் இருக்கு. யார்கிட்ட மறைக்கிறது?

வேண்டுமென்றே பொய் சொல்லி மாட்டினால் அமெரிக்காவில் ஆயுள் தடை வரைக்கும் போகும். பிரிட்டனில் 10 வருஷம், கனடாவில் 5 வருஷம். போகாம விட்டதுக்கு வராத தண்டனை, மறைச்சதுக்கு வரும்.

சீனியர் 'ஆம்' என்றே நிரப்பினார். அதே படிவத்தில் 'விசா மறுக்கப்பட்டிருக்கிறதா?' என்று தனியாக ஒரு கேள்வி வரும். அதற்கு 'இல்லை'தான் பதில். பயன்படுத்தாத விசா வேறு, மறுக்கப்பட்ட விசா வேறு. இந்த இடத்தில்தான் நிறையப் பேர் குழம்புறாங்க. கவுன்ட்டரில் அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்று: ஏன் போகலை? ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரி கையில் இருந்தது, காட்டினார். விசா கிடைத்தது. பாஸ்போர்ட் வந்தபோது பழைய விசா மேல் 'கேன்சல்டு வித்தவுட் பிரிஜுடிஸ்' என்று ஒரு முத்திரை! ஆள் அரண்டுட்டார். அதற்கு அர்த்தம், 'ரத்து பண்ணியாச்சு, இதனால் உங்களுக்கு எந்தப் பாதகமும் இல்லை' என்பதுதான். புது விசா கொடுக்கும்போது பழசின் மேல் குத்துவது வழக்கம்.

ஆனா 'ஏன் போகலை?'ங்கற கேள்வியை லேசா எடுத்துக்காதீங்க. திரும்பி வரும் எண்ணம் உங்களுக்கு இருப்பதை நீங்கதான் நிரூபிக்கணும், அது அவங்க சட்டம். போன வருஷம் மெக்கானிக்கல், இந்த வருஷம் டேட்டா சயின்ஸ், நடுவில் என்ன நடந்ததுன்னு சொல்லத் தெரியலேன்னா சந்தேகம் வரத்தான் செய்யும்.

ஐரோப்பா பக்கம் கதையே வேற. பேப்பர் பிரசன்டேஷனுக்கு ஷெங்கன் விசா வாங்கி, கான்ஃபரன்ஸ் ரத்தானதால் போகலேன்னா மைனஸ் எதுவும் இல்லை, ஆனா பிளஸ்ஸும் இல்லை. 2024 ஏப்ரலில் இந்தியர்களுக்கு ஒரு சலுகை அறிவித்தார்கள். 3 வருஷத்துக்குள் 2 விசா வாங்கி, முறைப்படி பயன்படுத்தியவர்களுக்கு 2 வருஷ மல்டிபிள் என்ட்ரி, அதற்கப்புறம் 5 வருஷம். 'பயன்படுத்திய'ங்கறதை அடிக்கோடு போட்டுக்குங்க. தூங்கின விசா அந்தக் கணக்கில் சேராது. கட்டின 90 யூரோவும் அவ்வளவுதான். தேவையில்லேன்னா விசாவை ரத்து பண்ணச் சொல்லி நீங்களே எழுதிக் கேட்கவும் சட்டத்தில் இடம் இருக்கு.

பிரிட்டன் இன்னும் கறார். நீங்க வந்து சேரலேன்னு பல்கலைக்கழகமே அரசுக்குத் தகவல் கொடுத்துடும், விசா ரத்தாகும். மருத்துவத்துக்காக வருஷத்துக்கு 776 பவுண்ட் வீதம் முன்பணமா கட்டினீங்களே, விசா கிடைச்சும் போகாதவங்களுக்கு அது திரும்ப வராது.

கோபத்தில் விசா பக்கத்தைக் கிழிச்சுடாதீங்க, பாஸ்போர்ட்டே செல்லாமப் போயிடும். அட்மிஷன் லெட்டர், பழைய ஐ-20, லோன் தள்ளிப்போன கடிதம், ஆஸ்பத்திரி பேப்பர் எல்லாத்தையும் ஒரே ஃபைலில் போட்டு வைங்க. இந்த செமஸ்டர் போக முடியாதுன்னு இப்பவே தெரிஞ்சா, வகுப்பு தொடங்கும் முன்னாடியே யுனிவர்சிட்டிக்கு ஒரு மெயில் தட்டி, அட்மிஷனைத் தள்ளிப்போட முடியுமான்னு கேளுங்க. அவங்க சம்மதிச்சு, அதே செவிஸ் நம்பரில் தேதி மாத்தின ஐ-20 கொடுத்தா, கையில இருக்கிற விசாவிலேயே கிளம்பிடலாம்.