தட்டு கழுவும்போது மனம் எங்கே?

இரவுச் சாப்பாடு முடிந்தது. சிங்க் நிறைய எச்சில் தட்டுகள். கை தேய்த்துக்கொண்டிருக்கும், மனமோ நாளைய வேலையிலோ, காலையில் யாரோ சொன்ன சொல்லிலோ சிக்கிக் கிடக்கும். தினமும் அரை மணி நேரம் என்றாலும் ஆண்டுக்கு 180 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அவ்வளவு நேரமும் நாம் அங்கே இல்லை!

பௌத்தம் இதற்குச் சொல்லும் மருந்தின் பெயர் ‘சதி’. நம் காதுக்கு வேறு பொருள் தரும் சொல்தான். பாலி மொழியில் அது நினைவைக் குறிக்கிறது. அதாவது, செய்துகொண்டிருப்பதை மறவாதிருத்தல். சதிபட்டான சுத்தத்தில் புத்தர் மூச்சைக் கவனிப்பதோடு நிறுத்திவிடவில்லை. நடப்பது, கையை மடக்குவது, உண்பது, ஏன், மலசலம் கழிப்பதைக்கூடத் தெளிந்த அறிவோடு செய்யச் சொல்கிறார்.

இதை நம் காலத்தில் எளிமையாக எடுத்துச் சொன்னவர் வியட்நாமியத் துறவி திக் நியாட் ஹான் (1926–2022). இளம் வயதில் ஹுவே நகரின் து ஹியூ மடத்தில் சேர்ந்தார். தவக்காலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட துறவிகளின் பாத்திரங்களை இரண்டே இளந்துறவிகள் கழுவ வேண்டும். சவர்க்காரம் கிடையாது. சாம்பல், உமி, தேங்காய் மட்டைதான். தட்டு சுத்தமாவதற்காக மட்டும் கழுவாமல், கழுவுவதற்காகவே கழுவ வேண்டும் என்று பின்னாளில் எழுதினார். அதை அவர் ஓய்வாக இருப்பவர்களுக்கு எழுதவில்லை. 1974இல், போருக்கு நடுவே மக்களுக்குத் தொண்டு செய்துகொண்டிருந்த தோழர்களுக்கு எழுதிய நீண்ட கடிதம் அது.

செய்முறை சுலபம். தண்ணீரின் சூடு, தட்டில் ஒட்டிய பிசுக்கு, விரல் நகரும் விதம் ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். நான்காவது தட்டுக்குள் மனம் ஓடிவிடும். ஓடியதைக் கண்டுகொண்டு, திட்டாமல் திரும்ப அழைத்து வருவதுதான் பயிற்சி. சலிப்பு வந்தால், ‘சலிப்பு வந்திருக்கிறது’ என்று அதையும் பார்க்கலாம். வேலை இனிக்கத் தொடங்கிவிடும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

ஆனால் ஒன்று. மனைவி பாத்திரங்களோடு மல்லுக்கட்ட, வரவேற்பறையில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே ‘கவனத்தோடு கழுவு’ என்று கணவர் உபதேசம் செய்தால் அது பௌத்தமாகாது. சீனத்து சென் குரு பாய்ஜாங் தள்ளாத வயதிலும் சீடர்களோடு உடலுழைப்பில் ஈடுபட்டாராம். மனம் பொறுக்காத சீடர்கள் அவருடைய கருவிகளை ஒளித்து வைத்தார்கள். அன்று அவர் சாப்பிட மறுத்துவிட்டார். கருவிகள் கைக்குத் திரும்பிய பிறகே உணவைத் தொட்டார்.