கிளாரிஸ் அப்படிப் போயிருப்பாளா?

ஒரு நாவலின் கடைசி சில அத்தியாயங்களுக்காகச் சிநேகிதர்கள் ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்ததைப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். 1999-ஆம் வருஷம், இதே தில்லியில், நம் தமிழ்க் குடும்பங்களுக்கு நடுவே நடந்தது அது. சொத்துத் தகராறு இல்லை, சம்பந்திச் சண்டையும் இல்லை. தாமஸ் ஹாரிஸ் என்ற அமெரிக்க எழுத்தாளரின் ‘ஹானிபல்’ நாவல்தான் காரணம்.

படிக்காதவர்களுக்காக முதலில் முன்கதைச் சுருக்கம். ஹாரிஸ் பத்திரிகை நிருபராக இருந்து நாவலாசிரியர் ஆனவர். 1981-ல் வந்த அவருடைய ‘ரெட் டிராகன்’ நாவலில் ஹானிபல் லெக்டர் என்ற மனநல மருத்துவர் முதல் முறையாகத் தலைகாட்டினார். மகா படிப்பாளி, சங்கீத ரசிகர், சமையலில் நிபுணர். ஒரே குறை, மனிதர்களைக் கொன்று தின்பவர். 1988-ல் ‘தி சைலன்ஸ் ஆஃப் தி லாம்ப்ஸ்’ வந்தது. அதில் எஃப்.பி.ஐ.யில் பயிற்சி பெறும் கிளாரிஸ் ஸ்டார்லிங் என்ற பெண், ஒரு தொடர்கொலைகாரனைப் பிடிப்பதற்காகக் காவலில் இருக்கும் லெக்டரிடம் யோசனை கேட்கப் போகிறாள். அவர் துப்புக் கொடுக்கிறார். விலையாக அவள் தன் இளமைக் கால வேதனைகளை ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். கடைசியில் கொலைகாரனை அவளே சுட்டு வீழ்த்துகிறாள். லெக்டர் தப்பித்துப் போய்விடுகிறார். 1991-ல் படமாக வந்து, மறு வருஷம் சிறந்த படம், இயக்குநர், நடிகர், நடிகை, திரைக்கதை என்று ஐந்து முக்கிய ஆஸ்கார் விருதுகளையும் அள்ளிக்கொண்டது.

அப்புறம் என்ன ஆயிற்று? லெக்டர் எங்கே போனார்? கிளாரிஸ் பெரிய அதிகாரி ஆனாளா? பதினோரு வருஷம் பதில் இல்லை. ஹாரிஸ் பேட்டி கொடுப்பவரும் இல்லை. ‘தொடரும்’ என்று போட்டால் அடுத்த வாரம்வரை காத்திருந்து பழகியவர்கள் நாம். ஊர்ப் பத்திரிகை ரயிலேறித் தாமதமாக வந்தால்கூட ஒரு வாரம், பத்து நாள். பதினோரு வருஷம் என்பது நமக்கே கொஞ்சம் அதிகம்தான்.

1999 ஜூனில் ‘ஹானிபல்’ வெளியானது. எங்கள் வட்டத்தில் ஒருவர் முழு விலை கொடுத்து வாங்கினார். பழுப்புக் காகித அட்டை போட்டுக்கொண்டு அந்தப் புத்தகம் வீடு வீடாகப் போயிற்று. தர்யாகஞ்ச் நடைபாதைக்கு வரட்டும், அப்போது மலிவாக வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தவர்கள்கூட முறை கேட்டு வரிசையில் நின்றார்கள். முதலில் படித்தவர் திருப்பிக் கொடுக்கும்போது, “ஒண்ணும் சொல்ல மாட்டேன், படிங்கோ” என்றார். அடுத்துப் படித்த மாமி, “இதைப் போய் எனக்கு எதுக்குக் கொடுத்தேள்?” என்று கேட்டார். கட்சி பிரிந்தது அன்றைக்குத்தான்.

இனிமேல் கதையைச் சொல்லாமல் எழுத முடியாது. படிக்கும் உத்தேசம் உள்ளவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

முதல் கதை முடிந்து ஏழு வருஷம் ஆகிவிட்டது. லெக்டர் வேறு பெயரில் இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரத்தில் ஒரு பழைய மாளிகையில், கலைப் பொருள்களுக்கும் ஏடுகளுக்கும் நடுவே சௌகரியமாக வாழ்கிறார். அவரால் முகம் சிதைந்து படுக்கையில் கிடக்கும் மேசன் வெர்ஜர் என்ற கோடீசுவரன் பழிவாங்கத் துடிக்கிறான். அவரை உயிரோடு தின்ன வைப்பதற்கென்றே பன்றிகளை வளர்க்கிறான். வெர்ஜரின் பணத்துக்கு ஆசைப்பட்டு லெக்டரைக் காட்டிக்கொடுக்கத் துணிகிறார் பாட்ஸி என்ற ஃபுளோரன்ஸ் போலீஸ் அதிகாரி. 1478-ல் மெடிச்சி குடும்பத்துக்கு எதிராகச் சதி செய்து தூக்கிலிடப்பட்ட பாட்ஸி வம்சத்தவர் அவர். மூதாதை எந்த மாளிகையில் தொங்கவிடப்பட்டாரோ அதே மாளிகையிலிருந்து இவரும் தொங்குகிறார்.

இந்த ஃபுளோரன்ஸ் பகுதியைப் பற்றி எங்களுக்குள் இரண்டு கருத்து இல்லை. சரித்திரமும் பயமும் இப்படிக் கலந்து வந்தால் யாருக்குத்தான் பிடிக்காது? பன்றி விவகாரத்திலும், ஒரு மனிதன் உயிரோடு இருக்கும்போதே அவன் மூளையைச் சமைக்கும் விருந்திலும்தான் பாதிப் பேர் புத்தகத்தை மூடி வைத்தார்கள். லெக்டரின் சின்ன வயதுக் கதையும் சர்ச்சை ஆயிற்று. யுத்த காலத்தில் அவருடைய குட்டித் தங்கை மீஷாவைப் பசித்த படைவீரர்கள் தின்றுவிட்டார்கள், அதனால்தான் இவர் இப்படி ஆனார் என்கிறார் ஹாரிஸ். “பிசாசுக்கு ஜாதகம் எழுதினால் பயம் போயிடும் சார்” என்றார் எங்கள் கோஷ்டியின் மூத்த வாசகர். அது நியாயமான பேச்சு என்றே எனக்குத் தோன்றியது.

பெரிய எழுத்தாளர்களும் இதே மாதிரிதான் பிரிந்தார்கள். ஸ்டீவன் கிங் இதை ‘தி எக்ஸார்ஸிஸ்ட்’ நாவலுக்குச் சமமான திகில் கதையாக வைத்துப் பாராட்டி எழுதினார். ஹாரிஸின் முந்தைய நாவல்களை ரசித்திருந்த இங்கிலாந்து எழுத்தாளர் மார்ட்டின் ஏமிஸ் இதைக் கிழித்துத் தோரணம் கட்டினார்.

ஆனால் பன்றியும் விருந்தும் பேச்சுவார்த்தையை நிறுத்தவில்லை. அதைச் செய்தது முடிவுதான். கிளாரிஸ் லெக்டரைப் பன்றிகளிடமிருந்து காப்பாற்றுகிறாள். மயக்க ஊசிக் குண்டு பட்டு விழும் அவளை அவர் தூக்கிக்கொண்டு போகிறார். மருந்தாலும் மனோவசியத்தாலும் அவள் மனதைத் திறக்கிறார். கடைசியில் அவள் அவரோடேயே போய்விடுகிறாள். சில வருஷம் கழித்து இருவரும் தம்பதிபோல் புவெனஸ் அயர்ஸ் நகரத்து இசையரங்கில் உட்கார்ந்திருக்கிறார்கள். சுபம்!

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்றது ஒரு கட்சி. இல்லை, முதல் நாளிலிருந்தே அந்த இருவருக்கும் நடுவே இருந்ததைத்தான் ஹாரிஸ் தைரியமாகச் சொன்னார் என்றது இன்னொரு கட்சி.

எங்கள் வீட்டுப் பெண்களுக்கு இது ஏன் இவ்வளவு வலித்தது என்பதைச் சொல்ல வேண்டும். கிளாரிஸ் யார்? இரவுக் காவல் பார்த்த தகப்பனைத் திருடர்களின் துப்பாக்கிக்குப் பறிகொடுத்தவள். பத்து வயதில் உறவினர் வீட்டுக்கு அனுப்பப்பட்டு, பிறகு அநாதை விடுதியில் வளர்ந்தவள். ஊர் வாடை அடிக்கும் பேச்சைத் தேய்த்துத் தேய்த்து மாற்றிக்கொண்டு தலைநகரத்து உத்தியோகத்தில் நுழைந்தவள். கையில் இருக்கும் பை நல்லது, காலில் இருக்கும் செருப்பு மலிவு என்பதை லெக்டர் முதல் சந்திப்பிலேயே கண்டுபிடித்துவிடுவார். நான் முதல் தடவை படித்தபோது அந்த இடத்தில் புத்தகத்தை மடியில் வைத்துவிட்டு என் செருப்பைப் பார்த்தேன். ரயிலேறி வந்து, இந்தி உச்சரிப்புக்குச் சிரிப்பு வாங்கி, கோப்புகளுக்கு நடுவே தலைநிமிர்ந்த நம் பெண்களுக்கு அவள் அந்நியப் பெண் இல்லை.

அப்படிப்பட்டவள் ‘ஹானிபல்’ கதையில் என்ன ஆகிறாள்? பதவி உயர்வு இல்லை. அவளிடம் ஆசைப்பட்டு மறுக்கப்பட்ட கிரெண்ட்லர் என்ற மேலதிகாரி அவள் வழியை அடைத்துக்கொண்டே வருகிறான். ஒரு துப்பாக்கிச் சண்டையில் தன்னைக் காத்துக்கொள்ளச் சுட்டதற்குப் பத்திரிகைகள் திட்ட, இலாகா அவளைக் கைவிடுகிறது. இது கற்பனை என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம். நான் வேலை பார்த்த இடத்திலும் திறமையுள்ள பெண்ணின் கோப்பு மட்டும் மேஜைக்கு அடியில் போனதுண்டு. இரண்டு முறை அது என் கோப்பு.

அதனால்தான் எங்கள் சண்டை உண்மையில் லெக்டரைப் பற்றியதாக இல்லை. நேர்மையாக உழைத்தவளுக்கு நியாயம் கிடைக்காவிட்டால் அவள் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் கேள்வி. “அந்த ஆபீஸுக்கு அவள் எதுக்கு விசுவாசமா இருக்கணும்? போனது சரிதான்” என்றாள் கல்லூரி முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பெண். அவளுடைய அம்மா, “போறதுன்னா தன் காலால நடந்து போகணும்டி. மருந்து கொடுத்துக் கூட்டிண்டு போனா அதுக்குப் பேர் வேற” என்றார். அந்த வாரம் அம்மாவும் பெண்ணும் பேசிக்கொள்ளவில்லை.

நான் அம்மா கட்சி. கிளாரிஸ் ராஜினாமாவை மேஜைமேல் வைத்துவிட்டுப் போயிருந்தால் கைதட்டியிருப்பேன். லெக்டரையே தேர்ந்தெடுத்திருந்தாலும், தெளிந்த புத்தியோடு செய்திருந்தால் திட்டிக்கொண்டாவது ஒப்புக்கொண்டிருப்பேன். முதல் நாவல் முழுக்கத் தன் பயத்தைத் தானே ஜெயித்தவளிடமிருந்து முடிவெடுக்கும் உரிமையைப் பறித்ததைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

சினிமாக்காரர்களுக்கும் இந்த முடிவு ஜீரணமாகவில்லை. கிளாரிஸாக நடித்து ஆஸ்கார் வாங்கிய ஜோடி ஃபாஸ்டர் மறுபடி நடிக்கவில்லை. முதல் படத்தின் இயக்குநர் ஜொனாதன் டெம்மியும் வரவில்லை. 2001-ல் ரிட்லி ஸ்காட் இயக்கத்தில் ஜூலியன் மூர் நடித்தார். முடிவையே மாற்றினார்கள். படத்தில் கிளாரிஸ் லெக்டரின் கையோடு தன் கையைச் சேர்த்து விலங்கு மாட்டிவிடுகிறாள். அவர் தன் கையையே வெட்டிக்கொண்டு தப்பிக்கிறார். அவள் அவரோடு போகவில்லை. எங்கள் மாமி அதைப் பார்த்துவிட்டு, “இதுதான் கதை” என்று தீர்ப்பளித்தார்.

பிறகு நடந்தது இன்னும் வேடிக்கை. 2013 முதல் 2015 வரை வந்த ‘ஹானிபல்’ தொலைக்காட்சித் தொடரில் கிளாரிஸ் கிடையாது. 2021-ல் வந்த ‘கிளாரிஸ்’ தொடரில் லெக்டரின் பெயரைக்கூடச் சொல்லவில்லை. இரண்டு பாத்திரங்களின் உரிமையும் வெவ்வேறு கம்பெனிகளிடம் மாட்டிக்கொண்டதுதான் காரணம். கதாசிரியர் சேர்த்துவைத்த ஜோடியை வக்கீல்கள் பிரித்துவைத்தார்கள்!

வாசகர் கோபம் எழுத்துலகத்துக்குப் புதிது இல்லை. 1893-ல் ஷெர்லாக் ஹோம்ஸைச் சாகடித்த கானன் டாயில், பத்து வருஷம் கழித்து அவரை உயிரோடு திருப்பிக் கொண்டுவர வேண்டியதாயிற்று. ஹாரிஸ் அப்படி இறங்கி வரவில்லை. 2006-ல் லெக்டரின் இளமைக் கதையை எழுதினார். 2019-ல் வேறு ஆட்களை வைத்து ‘காரி மோரா’ எழுதினார். புவெனஸ் அயர்ஸில் விட்ட கிளாரிஸை அங்கேயே விட்டுவிட்டார்.

அது எழுத்தாளரின் உரிமை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பதினோரு வருஷம் அவளை மனதில் வைத்துக் காப்பாற்றியவர்கள் நாங்கள். பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போதும், கோப்பு திரும்பி வந்த நாளிலும், அவளுக்கு ஒரு நல்ல முடிவை நாங்களே எழுதி வைத்திருந்தோம். அச்சில் வந்தது அதுவாக இல்லாதபோது கோபம் வரத்தானே செய்யும்?

பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டது. இரண்டு வேலைகளை ராஜினாமா செய்துவிட்டு மூன்றாவதில் இருக்கிறாள், இரண்டிலிருந்தும் தன் காலால் நடந்துதான் வெளியே வந்தாள். கிளாரிஸ் விஷயத்தில் மட்டும் கட்சி மாறவில்லை. இந்தக் கட்டுரையைப் பார்த்தால் நிச்சயம் பதில் எழுதுவாள். நீங்களும் எழுதுங்கள். ஆசிரியர் இடம் ஒதுக்கினால், அடுத்த இதழில் சண்டையைத் தொடரலாம்.