இரண்டு செல் போட்ட சின்னக் கேமரா

என் கைப்பையில் எப்போதும் கிடப்பது ஒரு கேனான் பவர்ஷாட் ஏ570 ஐஎஸ். 2007-இல் வந்த மாடல், 7.1 மெகாபிக்சல், 4 மடங்கு ஜூம். செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைத்தது.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது, சாதாரண டபுள் ஏ செல் இரண்டிலேயே ஓடுவது. சார்ஜ் ஏற்றும் செல் நான்கு வைத்திருக்கிறேன். வெளியூரில் தீர்ந்துபோனாலும் பெட்டிக்கடையில் வாங்கிக்கொள்ளலாம்.

இந்த மாதிரிக் கேமராக்களில் சென்சார் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. வெளிச்சம் குறைந்தால் சிக்னலைப் பெருக்கியாக வேண்டும். அப்போது படத்தில் மணல் தூவினாற்போலப் புள்ளிகள் வரும். அதனால் அந்தப் பெருக்கத்தைக் குறிக்கும் ஐஎஸ்ஓவை 200-க்கு மேல் ஏற்ற மாட்டேன்; ஷட்டர் அதிக நேரம் திறந்திருக்கும், கை அசைந்தால் படம் கலங்கிவிடும். சாயங்காலம் வண்டியூர் தெப்பக்குளம் போனால் கேமராவைச் சுற்றுச்சுவரில் வைத்து, 2 விநாடி டைமர் போட்டுக் கையை எடுத்துவிடுவேன். மைய மண்டபம் அசையாமல் பதியும்.

வீட்டில் அம்மா மல்லிகை கட்டும்போது மேக்ரோவில், ஜூம் செய்யாமல், 5 செ.மீ. வரை நெருங்குவேன். நனைந்த வாழைநாரின் இழை, காம்பை இறுக்கும் முடிச்சு, நகக்கண்ணில் ஒட்டிய பச்சை எல்லாம் தெரியும்.

“என்னடி, விரலுக்குள்ளயே வந்துருவ போல!” என்பார்.

6-க்கு 4 அங்குலப் பிரிண்டுக்கு 2 மெகாபிக்சலே தாராளம். ஸ்டுடியோவில் போட்டுக் கொடுத்த அந்த மல்லிகை கட்டும் படத்தை அம்மா பஞ்சாங்கத்துக்குள் வைத்திருக்கிறார். நாள் பார்க்கும்போதெல்லாம் முதலில் அதைத்தான் எடுத்துப் பார்க்கிறார்.