எட்டுக்கு நாற்பத்திரண்டு

ஆடி மாதம் பெரியபாளையத்தம்மன் கோயிலைச் சுற்றி முளைக்கும் கடைகளில் வளையல், பலூன், பீப்பியோடு பிளாஸ்டிக் பைனாகுலரும் தொங்கும். போன ஆடியில் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். விலை 150 ரூபாய். உடம்பில் 60×60 என்று பொன்னிறத்தில் அச்சு. முன்கண்ணாடிமேல் கட்டைவிரலை வைத்தேன். விரலின் இரு பக்கமும் ஒரு நூல் இடம்தான் மிச்சம். 60 மி.மீ. என்றால் என் உள்ளங்கையில் பாதியையாவது அடைத்திருக்க வேண்டும். பொம்மைக்குப் பொய் பொருந்தும். அதே பொய் ஐயாயிரம் ரூபாய்ப் பெட்டிமேலும் அச்சாகி வருவதுதான் தொல்லை.

பைனாகுலர்மேல் இருக்கும் இரண்டு எண்களில் முதலாவது, பறவை எத்தனை மடங்கு கிட்டத்தில் தெரியும் என்பது. இரண்டாவது, முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 8×42 என்றால் 5.25 மி.மீ.; 10×42 என்றால் 4.2, சட்டைப் பையில் அடங்கும் 10×25 என்றால் 2.5. நம் கண்ணின் பாவை நல்ல வெயிலில் இரண்டு மூன்று மி.மீ.க்குச் சுருங்கும், விடியற்கருக்கலில் ஐந்துக்கு மேலும் விரியும். அதனால் மதியம் 12 மணிக்கு மூன்றும் ஏறக்குறைய ஒன்றுதான். காலை ஐந்தே முக்காலுக்குப் பையடக்கம் தோற்றுவிடும்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கும் தம்பி ஒருவனுக்கு இந்தக் கணக்கு நேராகப் பொருந்தியது. நைட் ஷிஃப்ட் விட்டு வரும் நேரம்தான் அவன் பறவை பார்க்கும் நேரம். கையில் 15,000 ரூபாய் வைத்திருந்தான். “அண்ணே, பத்தே வாங்கிடலாமா? எட்டைவிட ரெண்டு கூடத்தானே?” என்றான்.

ரெண்டு கூடத்தான். அந்த ரெண்டு என்ன தருகிறது என்று பார்ப்போம். பழவேற்காட்டில் 800 மீட்டருக்கு அப்பால் பூநாரைக் கூட்டம் நிற்கிறது. எட்டில் பார்த்தால் 100 மீட்டரில் நிற்பதுபோல் தெரியும். பத்தில் 80 மீட்டர். சேற்றில் 60 மீட்டர் தள்ளி ஒரு கொசு உள்ளான். எட்டில் ஏழரை மீட்டர், பத்தில் ஆறு. லாபம் ஒன்றரை மீட்டர். அந்த ஒன்றரை மீட்டருக்குக் கொடுக்கும் விலை, கை நடுக்கமும் பத்து மடங்காவது. எட்டு மணிநேரம் நின்று வேலை பார்த்த கைக்கு அது கட்டுப்படியாகாது. ஸ்டாண்டு வைத்துப் பார்ப்பவருக்கு என் வாதம் செல்லாது.

உள்ளானின் காலில்தான் விஷயமே இருக்கிறது. கால் கறுப்பு என்றால் கொசு உள்ளான், மஞ்சளும் பச்சையும் கலந்திருந்தால் டெமிங்க் உள்ளான். இருபது முப்பது கிராம் எடையுள்ள பறவையின் தீக்குச்சிக் காலில் நிறம் தெரிய வேண்டும். அதற்கு மடங்கைவிட ஒளி முக்கியம்.

ஒளிக்கு ஒரு வரவுசெலவு உண்டு. பூச்சு இல்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். ஒரு குழாயில் இப்படிப் பத்துப் பரப்புகள் என்று வைத்தால், உள்ளே போன 100-இல் கண்ணுக்கு வருவது 66 அல்லது 67. ஒற்றைப் பூச்சில் இழப்பு ஒன்றரை சதவீதமாகக் குறைந்து, 86 வரும். எல்லாப் பரப்பிலும் பல அடுக்குப் பூச்சு இருந்து, இழப்பு அரை சதவீதம் என்றால் 95 வரும். பெட்டியில் வெறும் ‘கோட்டட்’ என்று இருப்பதும் ‘ஃபுல்லி மல்ட்டி கோட்டட்’ என்று இருப்பதும் ஒன்றல்ல. இடையில் முப்பது வரைக்கும் ஒளி காணாமல் போகலாம்.

இனி விலை. உதாரணத்துக்கு ஒரே கம்பெனியின் மூன்று 8×42-களை எடுத்துக்கொண்டேன். பத்தாயிரத்தை ஒட்டி நிக்கான் அக்குலான்: 755 கிராம், 1,000 மீட்டர் தூரத்தில் 140 மீட்டர் அகலம் தெரியும், தண்ணீர் ஆகாது. அதற்கு மேல் படியில் ப்ரோஸ்டாஃப் பி3: 565 கிராம், 126 மீட்டர், நீர் புகாது. இருபத்தைந்தாயிரத்தை ஒட்டி மோனார்க் எம்5: 630 கிராம், 112 மீட்டர், நீர் புகாது.

விலை ஏற ஏறப் பார்வை குறுகுவதைக் கவனித்தீர்களா? பரப்பாகக் கணக்கிட்டால் பத்தாயிரத்துக் கண்ணாடி, இருபத்தைந்தாயிரத்தைவிட 56 சதவீதம் கூடுதல் வானத்தைக் காட்டுகிறது. கூடுதல் பணம் போவது ‘ஈடி’ கண்ணாடிக்கு. வெள்ளைக் கொக்கின் விளிம்பில் ஊதாக் கோடு விழாமல் இருக்க. தம்பிக்கு நான் நடுப்படியைச் சொன்னேன். காரணம் உப்புக்காற்றும் வடகிழக்குப் பருவமழையும். வலசைப் பறவை வரும் மாதங்களும் மழை மாதங்களும் இங்கே ஒன்றுதான். இன்னொன்று, அவன் மூக்குக்கண்ணாடி போடுபவன். அக்குலானில் கண்ணுக்கு விடும் இடைவெளி 12 மி.மீ.; மூக்குக்கண்ணாடிக்காரருக்கு 15-க்குக் குறைந்தால் படத்தின் ஓரம் வெட்டுப்படும்.

நடுப்படியின் விலை 12,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் அதில் 1,831 ரூபாய் ஜிஎஸ்டி. 2017 நவம்பர் வரை பைனாகுலருக்கு 28 சதவீதம் வரி, பிறகு 18. மேற்செலவுகள்: காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல் பொட்டலங்கள். இந்தச் சில்லறைச் செலவை மிச்சம் பிடிக்கப் போய் என் முதல் கண்ணாடிக்குள் பூஞ்சை படர்ந்தது. பீரோவில் துணிக்கு நடுவே இரண்டு மழைக்காலம் வைத்திருந்தேன். லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி ஒரு வெள்ளை.

பெரியபாளையத்து ஆரணியாறு போய்க் கலப்பது பழவேற்காட்டில். நாங்களும் அங்கேதான் போய்ச் சேருகிறோம், மாதம் ஒரு தடவை. போக வர சுமார் 90 கிலோமீட்டர், வண்டி 45 கொடுத்தால் இரண்டு லிட்டர், லிட்டர் 101 ரூபாய் என்றால் 202. ஐந்து வருஷத்தில் 60 தடவை: 12,120 ரூபாய். பெட்ரோல் மட்டும் பைனாகுலரை முந்திவிட்டது. பூண்டி ஏரிக்கும் ஆற்றங்கரைக்கும் மாதம் இரண்டு நடை சேர்த்தால் மொத்தம் 180 காலைகள். பைனாகுலருக்கு ஒரு காலைக்கு 67 ரூபாய் விழுகிறது. பொன்னேரியில் இருவர் சாப்பிடும் பூரிக்கு அதைவிடக் கூட ஆகிறது.

கடையில் தம்பி செய்தவை மூன்று. கண்ணாடியைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்து, கண் வைக்கும் பக்கத்தின் ஒளிவட்டத்தைப் பார்த்தான். வட்டம் முழுதாக இருந்தது. ஓரம் சதுரமாக வெட்டுப்பட்டிருந்தால் உள்ளே மலிவு ப்ரிஸம். தெருவின் மின்கம்பத்தைப் பார்த்தான். கம்பம் இரண்டாகப் பிரியவில்லை. கம்பிமேல் இருந்த காக்கையைப் பார்த்தான். அலகோரத்தில் லேசாக ஊதா. “இந்த விலைக்கு இருக்கும்” என்றேன். கடைக்காரருக்குப் பொறுமை போய்விட்டது.

தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கலை ஒட்டிப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிஷம் நின்று, கண்டதை எல்லாம் எழுத வேண்டும். தம்பி தன் முதல் பட்டியலை ஆற்றுப் பாலத்தில் போட்டான். 15 நிமிஷத்தில் 13 வகை. மணல்திட்டில் ஓடிய ஒரு சின்ன உள்ளானின் கால் நிறத்தில் மட்டும் சந்தேகம். அதை எழுதவில்லை. வெயில் ஏறட்டும் என்று இன்னொரு 15 நிமிஷம் நின்றான்.